கண்ணாடி ராணிக்கு அத்தையின் குரல்

திருட்டு என்றால் நகையையோ சைக்கிளையோதான் திருட வேண்டும் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா என்ன? இந்த மருமகள் தன் மாமியாரின் குரலைத் திருடினாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு பாகக் கதை ஒன்று தொடங்கி முடியும்வரை திருடினாள். திருடிய பொருளை ஊர் முழுக்கக் கேட்கும்படி விற்கவும் செய்தாள். மாட்ட மாட்டோம் என்ற தைரியம்தான், வேறென்ன!

அவள் வேலை அப்படி. படிக்க நேரமில்லாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து கொடுப்பாள். நாலு பக்கமும் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கும். உள்ளே போகும்போது வளையல் கூடாது, மொடமொடக்கும் துணி கூடாது. பட்டினியாகப் போனால் வயிறு உறுமும், வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனால் ஏப்பம் வரும், இரண்டையும் மைக் விட்டுவைக்காது. அதனால் அரை வயிறும், வாய் காயாமல் இருக்க ஒரு துண்டு பச்சை ஆப்பிளும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிற பையன் உட்கார்ந்திருப்பான். அவன் சொந்தப் பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. எல்லோருக்கும் அவன் 'ஹெட்போன்'. சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டான். அவன் கல்யாணப் போட்டோவிலும் அது இருக்கிறதாகப் பேச்சு.

அந்த ஏழு பாகத்தையும் வீட்டில் 'கோட்டைக் கதை' என்றுதான் சொல்வார்கள். நதி நடுவில் கண்ணாடியால் ஆன ஒரு கோட்டை. அதற்குள் ஒரு ராணி. நதியையே அணை போட்டு மறித்து, கீழே இருக்கிற ஊர்களைக் காயப்போட்டவள். அவளை எதிர்த்துக் கிளம்புகிறாள் ஒரு படகுக்காரி. கூடவே ஒற்றைக்கைத் தளபதி, பொய்யே சொல்ல முடியாதபடி சாபம் வாங்கிய மந்திரவாதி, வாசலில் காவல் நிற்கிற கல் நாய் என்று ஒரு பட்டாளம். இத்தனை பேருக்கும் தனித்தனிக் குரல் வேண்டும் என்றால் ஒருத்தி எங்கே போவாள்? கிடைத்த இடத்தில் எல்லாம் எடுத்துக்கொண்டாள். தளபதிக்குப் பழைய வீட்டுக்காரர், மந்திரவாதிக்குப் பல் டாக்டர். கல் நாயின் உறுமலுக்கு வீட்டு ஃபிரிட்ஜ்.

ராணிக்கு மாமியார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணமான புதிது. மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்த யாரோ, "மருமக வேலைக்குப் போறாளா?" என்று கேட்டார்கள். "வேலையா? கதை படிக்கிறா. அதுக்கும் சம்பளம் தர்றாங்களாம். காலம் அப்படி" என்றார் மாமியார். சமையலறையில் நின்ற மருமகளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை முதல் பாகத்தில் ராணி முதல்முறையாக வாயைத் திறக்கிற இடம். "இங்கே வர உனக்கு யார் அனுமதி கொடுத்தது?" மருமகள் யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகப் போயிற்று. மூக்கால் ஒரு 'ம்ஹும்', ஒரு இடைவெளி, அப்புறம் அலமாரியில் டம்ளர் அடுக்குகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து, யாரும் மேற்கொண்டு பேச முடியாதபடி கடைசியில் குரலை இறக்கி முடிக்கிற அந்த முடிப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, யாருக்கா இது? முதுகு சில்லுன்னு ஆயிடுச்சு."

"எங்க மாமியார்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விழும். குரல் மறந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மாதிரிப் பதிவு எடுத்துப் பெயர் போட்டு வைப்பார்கள். ராணியின் குரலுக்கு அவன் வைத்த பெயர் 'மாமியார்'.

கேட்டவர்கள் எல்லோருக்கும் ராணியைத்தான் பிடித்தது. 'ராணி வந்தாலே எங்க வீட்டுப் பசங்க கப்சிப்' என்று யாரோ எழுதினார்கள். மருமகள் அதைப் படித்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். சிரிக்க மாட்டாளா பின்னே? வீட்டில் வாய் திறக்காதவளுக்கு வெளியில் இது ஒன்றுதானே கிடைத்தது!

வினை போன வருடம் வந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். பேப்பரைத் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்து டெண்டர் அறிவிப்பு வரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிற மனுஷி. டாக்டர் படிக்கவே கூடாது என்றுவிட்டார். டிவியும் கூடாது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், மகன் ஒரு நல்ல காரியம் செய்தான். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன். ஊரில் யாருக்கும் இதுவரை மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை, வீட்டில்தான் கொடுத்துவிட்டான். அம்மாவின் போனில் கோட்டைக் கதையை ஏற்றி, காதில் மாட்டிவிட்டு, "உங்க மருமக படிச்சதும்மா, கேளுங்க" என்றான்.

மருமகள் வேலையிலிருந்து வந்தபோது மாமியார் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தார். புருஷனைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். "ஐயையோ! என்னை இதுல இழுக்காத" என்று அவன் கடைக்குக் கிளம்பிவிட்டான்.

அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. யாருக்கும் தன் குரல் தனக்குத் தெரியாது. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன் குரலைப் பதிவில் கேட்டால், "சே, இதுவா நான்?" என்றுதான் முகம் சுளிப்பார்கள். நாம் கேட்கிற நம் குரல் வேறு, ஊர் கேட்கிறது வேறு. அத்தைக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

அன்று சாயங்காலம் மாமியார் காதிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, "அந்த ராணி நல்லா பேசுறா" என்றார். மருமகளுக்குக் குடித்த டீ புரையேறிவிட்டது.

அப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவரை அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் இருந்த பேச்சு பால் வந்ததா, கேஸ் தீர்ந்ததா, குழாயை மூடினாயா, அவ்வளவுதான். இப்போது சாயங்காலம் ஆனால், அன்று கேட்ட கதையைப் பேச மாமியார் அவளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். மூன்றாம் பாகத்தில் தளபதி துரோகம் செய்தபோது அவனைப் பற்றி இவர்கள் கூடத்தில் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டம்மா பால்கனியில் எட்டிப் பார்த்து, "யாரு வீட்லம்மா இந்த அநியாயம்?" என்று கேட்டாள். "எங்க சொந்தத்துல ஒருத்தன். கூட இருந்தே குழி பறிச்சிட்டான்" என்றார் மாமியார் கொஞ்சமும் யோசிக்காமல். மருமகள் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். திரும்பி வந்து பார்த்தால் மாமியாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். இத்தனை வருடத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாறாதது ஒன்றே ஒன்று. பகலில் அந்த வீட்டுக் கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும், தாழ்ப்பாள் கிடையாது. இருந்தும் மருமகள் தினமும் பெல் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். கதவைத் தள்ளிக்கொண்டு போக அவளுக்குக் கை வந்ததே இல்லை. உள்ளேயிருந்து தினமும் அதே குரல் வரும். "தொறந்துதானே இருக்கு? எதுக்கு தினமும் பெல்லு?" அம்மணியை வாசலுக்கு வந்து வரவேற்கணுமா என்று குத்திக் காட்டுவதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுநாளும் பெல் அடிப்பாள்.

ஆறு பாகம் முடிந்தது. மாமியாரின் கண்ணும் ஓரளவு தேறியது, ஆனால் பேப்பரை அவர் தேடவில்லை. மருமகளுக்கோ ஒவ்வொரு பாகமும் முடிய முடியப் பயம் கூடிக்கொண்டே போனது. முன்னே தெரிந்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும், இழக்க என்ன இருந்தது? இப்போது தெரிந்தால் இந்தச் சாயங்காலங்கள் போய்விடும். திரும்பவும் பாலும் கேஸும் குழாயும்தான்.

ஏழாம் பாகத்தைப் பதிவு செய்து முடித்தார்கள். வெளியிடுவதற்கு முன்னால், படித்ததில் தப்பு இருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்கிற பெண் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். "உங்க அத்தை கேக்கட்டுமேக்கா. போன பாகத்துல நாம விட்ட தப்பையெல்லாம் அவங்கதானே புடிச்சாங்க? வியாழக்கிழமை திருத்தம் பண்ணலாம்" என்றான் ஹெட்போன். மருமகளுக்கு மறுக்க வழியில்லை. மாமியாரிடம் சொன்னபோது, "ம்ஹும். பார்க்கலாம்" என்றார். சொல்லிவிட்டு உடனே போனைச் சார்ஜில் போட்டதைப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

கடைசிப் பாகம் இல்லையா? ஒவ்வொருவர் கதையும் அதில் முடிகிறது. மாமியார் ஒவ்வொருவரையாகக் கூண்டில் ஏற்றினார்.

முதலில் தளபதி. துரோகம் செய்தவன், கடைசிப் போரில் படகுக்காரிக்கு வந்த அம்பைத் தன் நெஞ்சில் வாங்கிச் செத்துப்போகிறான். பதிவு செய்யும்போது மருமகளே அழுதுவிட்ட இடம்.

"செத்துட்டா சரியாப் போச்சா?" என்றார் மாமியார்.

"அவளுக்காக உயிரையே கொடுத்தானே அத்தை!"

"உயிரைக் கொடுக்குறது ஒரு நிமிஷ வேலை. உயிரோட இருந்து, அவன் காட்டிக் கொடுத்தானே, அந்த ஊர்க்காரங்க மூஞ்சில தினமும் முழிச்சிருக்கணும். அது கஷ்டம். எழுத்தாளர் அவனைத் தப்பிக்க விட்டுட்டாரு."

அடுத்தது மந்திரவாதி. கடைசியில் அவன் மந்திர சக்தியெல்லாம் போய்விடுகிறது, அதோடு சாபமும் போகிறது. வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொல்கிறான். குற்றுயிராகக் கிடக்கிற ஒரு வீரனிடம், "நாளைக்கு வீட்டுக்குப் போய்விடலாம்" என்கிறான். மாமியார் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்தினார். "இவனுக்குக் குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லி, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற நேரம் என்று எழுந்து போனார். சொட்டு மருந்து காலையிலேயே விட்டாயிற்று. மருமகள் கேட்டுக்கொள்ளவில்லை.

படகுக்காரி அரியணை ஏறுகிறாள். அது மாமியாருக்குச் சம்மதம்தான், ஆனால் படகை விற்றிருக்கக் கூடாதாம். "நாளைக்கு ஒரு கஷ்டம்னா எதுல ஏறுவா?"

"சரி, அந்த நாய் என்னாச்சு?" என்றார் அப்புறம்.

"எந்த நாய்?"

"எந்த நாயா! கல் நாய். ரெண்டாம் பாகத்துல படகுக்காரி, 'நான் வரும்வரை இங்கேயே இரு'ன்னு சொல்லிட்டுப் போனாளே. அஞ்சாம் பாகத்துக்கு அப்புறம் அதைப் பத்திப் பேச்சே இல்லயே."

மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உறுமினவளே மறந்துவிட்டாள். "எழுத்தாளர் மறந்துட்டாரு போலிருக்கு அத்தை."

"மறந்துட்டாரா? நல்லா இருக்கே! எல்லாரும் பட்டாபிஷேகம் பண்ணிக்கிட்டு நிக்கிறாங்க, அது பாவம் இன்னும் வாசல்லயே நிக்குது." அன்று முழுக்க மாமியாருக்கு ஆறவே இல்லை.

ராணியின் முடிவு மட்டும் பாக்கி இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் மருமகள் வந்து பெல் அடித்தாள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. வழக்கமான அந்தத் திட்டு வரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனால், மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காதில் மாட்டுவது கழுத்தில் தொங்கியது.

"முடிச்சிட்டீங்களா அத்தை?"

"முடிச்சிட்டேன். உட்காரு. ராணியைப் பத்திப் பேசணும்."

உட்கார்ந்தாள்.

"முதல் பாகத்துல இருந்து அவ என் குரல்லதான் பேசுறா."

அவ்வளவுதான், கயிறு அறுந்தது. "அத்தை, அது வந்து... உங்களுக்கு எப்படி... தன் குரல் யாருக்கும்..."

"யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் காலத்துல தப்பான நம்பர் போட்டா, 'நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை'ன்னு ஒரு பொம்பளை சொல்லுவாளே, அது யாருன்னு நினைச்ச? வருஷக்கணக்கா இந்த ஊர்ல யாரு ராங் நம்பர் போட்டாலும் நான்தான். நானே ஒரு நாள் தப்பா டயல் பண்ணி என்கிட்டயே வாங்கிக் கட்டியிருக்கேன். என் குரல் வெளியில எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னதே இல்லயே!"

"யாரும் கேக்கல."

மருமகளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. "ரொம்பக் கோவமா அத்தை?"

"மொத நாள் போனைத் தூக்கி ஜன்னல் வழியா வீசலாம்னு இருந்துச்சு. அப்புறம் கேக்கக் கேக்க, அந்தக் கோட்டையில அவ ஒருத்திதான் உருப்படியாப் பேசுறா. சரி, பேசட்டும்னு விட்டுட்டேன். கதையும் நல்லா இருந்துச்சு, சாயங்காலம் பேசவும் ஆள் கிடைச்சுது. என் குறை அது இல்ல."

"பின்ன?"

மாமியார் கழுத்தில் தொங்கிய கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"கடைசி அத்தியாயத்துல ராணி தானே அணையைத் தொறந்து விடுறா. கோட்டை உடையுது. அவ உள்ளயே நிக்கிறா. அந்தப் படகுக்காரியைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்றா. அந்த இடத்துல மட்டும் என் குரல் இல்ல. அது உன் குரல்."

மருமகள் தலையைத் தூக்கவில்லை.

"ஊரைக் காயப்போட என் குரல். ஆளைச் சங்கிலியில கட்ட என் குரல். சாபம் விட, திட்ட, விரட்ட, எல்லாத்துக்கும் நான் வேணும். ஆறு பாகம் கழிச்சு அவ வாயில இருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வருது. அதுக்கு மட்டும் நான் ஆகாதா?"

கடைசி வார்த்தையில் அந்தக் குரல் உடைந்தது. எப்பேர்ப்பட்ட குரல்! மாமியார் சொட்டு மருந்தைத் தேடி எழுந்து உள்ளே போனார்.

மருமகள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லலாம்தான். உண்மை அதைவிட மோசம். அந்த வரியைப் படிக்கும்போது அத்தையின் குரல் வரவே இல்லை. இப்படி ஒரு வார்த்தை அந்த வாயில் வராது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதனால் தன் குரலில், மெதுவாக, குழைந்து படித்துவிட்டாள். 'அருமைக்கா' என்று ஹெட்போனும் கட்டை விரலைத் தூக்கிவிட்டான். குரலைத் திருடினதைவிட இந்த முடிவு கட்டினதுதான் பெரிய பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. நியாயமாகத்தான் தோன்றியது.

புருஷன் கடையிலிருந்து வந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அவன் சட்டையை மாற்றாமலேயே மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை பஞ்சு அறைக்குள் போய் நின்றாள். "அந்த 'மாமியார்' மாதிரியைப் போடுப்பா." ஹெட்போன் போட்டான். கேட்டுவிட்டு அந்த வரியைப் படித்தாள். கட்டளை போடுகிற மாதிரி வந்தது. திரும்பப் படித்தாள், நாடகத்தில் அழுகிற மாதிரி இருந்தது. இன்னொரு தடவை படித்ததில் சுத்தமான நக்கல்.

"அக்கா, ராணி நடிக்கிறாங்க" என்றான் ஹெட்போன் தயங்கித் தயங்கி.

அவளுக்கும் தெரிந்தது. அத்தை கோபப்பட்டால் எப்படிப் பேசுவார் என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அன்பாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒரு மாதிரிகூடக் கைவசம் இல்லை. ஆப்பிள் துண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வணக்கம், யார் பேசுறது?" யார் என்று தெரிந்தாலும் மாமியார் அப்படித்தான் எடுப்பார்.

"நான்தான் அத்தை. அந்த வரி வர மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்."

"நீதான் எல்லார் குரலையும் எடுப்பியே."

"இதை எடுக்க வரல அத்தை. நீங்க இந்த மாதிரிப் பேசி நான் கேட்டதே இல்ல."

அந்தப் பக்கம் ஒரு இடைவெளி. "கேட்டதே இல்லயா? ம்ஹும். வரியைப் படி, பார்ப்போம்."

படித்தாள். "கதவு திறந்துதான் இருந்தது. நீதான் இத்தனை வருடமும் வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தாய்."

"இதையா எப்படிச் சொல்றதுன்னு கேக்குற? தினமும் சாயங்காலம் உன்கிட்ட நான் வேற என்ன சொல்றேன்?"

மருமகள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"தொறந்துதானே இருக்கு, எதுக்குப் பெல்லுன்னு நானும் கத்திக் கத்தி ஓஞ்சுட்டேன். உன் வீட்டுக்கு நீ வர்றதுக்கு எதுக்கு மணி அடிக்கணும்? அதே மாதிரி சொல்லு. அழுதுகிட்டெல்லாம் சொல்லாத, அவ அழ மாட்டா. சரி, அடுப்புல பால் இருக்கு, பொங்கிடும்." போனை வைத்துவிட்டார்.

மருமகள் மைக் முன்னால் நின்று ஓவென்று அழுதாள். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. எத்தனை சாயங்காலம், எத்தனை பெல்! உள்ளே வா, இது உன் வீடு என்று ஒருத்தி தினமும் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறாள். இவளுக்கு அது திட்டாகவே கேட்டிருக்கிறது. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்தே பிழைக்கிறவளுக்கு வீட்டில் காது கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மெல்ல எழுந்து, தலையிலிருந்து அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி நின்றான். அவன் காதுகளை அவள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள்.

முகத்தைத் துடைத்தாள். தண்ணீர் குடித்தாள். "போடுப்பா" என்றாள்.

மூக்கால் ஒரு 'ம்ஹும்'. ஒரு இடைவெளி. அப்புறம் குழாயை மூடாமல் போனவளைத் திட்டுகிற அதே எரிச்சலோடு, குழைவு கொஞ்சமும் இல்லாமல், டம்ளர் டம்ளராக அந்த வரியை எடுத்து வைத்தாள். கடைசியில் குரலை இறக்கி முடித்தாள். ஒரே தடவை. ஹெட்போன் வெகு நேரம் பொத்தானை அமுக்கவில்லை. "இவங்களைப் போயா அக்கா நாம இத்தனை பாகமா கெட்டவங்கன்னு நினைச்சோம்?" என்றான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றதும் கை வழக்கம்போல் பெல்லுக்குப் போனது. பாதியில் நிறுத்தினாள். கையை எடுத்துக் கதவின் மேல் வைத்து, சத்தம் வராமல் தள்ளிக்கொண்டு, தன் வீட்டுக்குள் போனாள்.

மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். போனில் முதல் பாகம், முதல் அத்தியாயம். நிழல் விழுந்ததும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்.

"ஐயோ! யாரு?"

"நான்தான் அத்தை."

"பூனை மாதிரி வந்து நிக்கிறியே! உயிரே போயிடுச்சு எனக்கு. உள்ள வர்றப்ப ஒரு பெல் அடிச்சா கை தேஞ்சா போயிடும்?"

மருமகள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராணி சரியா வந்தாளா?"

"வந்துட்டா அத்தை."

"ம்ஹும். அப்ப போய்க் கையைக் கழுவு. அந்த நாயை என்ன பண்றதுன்னு இன்னும் பேசி முடிக்கல" என்றார் மாமியார். மேசையில் இரண்டு டம்ளர் டீ மூடி வைத்திருந்தது.